வாட்டும் எடையும் விலையும்

வரைகலைச் செயலி ஒன்று உட்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. திரையில் ஓடுவது கார்ப் பந்தயமாயினும் போர்க்களமாயினும், ஆற்றல் கணக்கைப் பொறுத்தவரை அது வழியில் நடந்து முடிந்த ஒரு நிகழ்ச்சி மட்டுமே. 150 வாட் எடுத்துக்கொள்ளும் சில்லு 150 வாட் வெப்பத்தை எங்காவது கொண்டுபோய்க் கொட்டித்தான் ஆகவேண்டும். மேசைக் கணினியின் பெட்டிக்குள் அகன்ற மின்விசிறிகளுக்கும் அடுக்கடுக்கான உலோகத் தகடுகளுக்கும் இடமிருக்கிறது. மடிக்கணினியிலோ அதே வேலை இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்குள், விரல்கள் படும் விசைப்பலகைக்கு அடியில், சூட்டுக்கு அஞ்சும் பேட்டரிக்குப் பக்கத்தில் நடந்தாக வேண்டியிருக்கிறது. கேமிங் மடிக்கணினி வாங்குவோர் எடை, வேகம், விலை என்று மூன்றாகப் பிரித்துப் பேசுவதெல்லாம் அடியில் இந்த ஒரே வெப்பத்தைப் பற்றிய பேச்சுத்தான். மூன்றையும் சமன்செய்துவிட்டதாக விளம்பரம் சொல்லும் ஒவ்வொரு கருவியும் அவற்றில் ஏதோ ஒன்றை வாங்குபவரின் கண் படாத இடத்துக்கு நகர்த்தி வைத்திருக்கிறது என்பதையே இத்துறையின் கடந்த பத்தாண்டுகள் காட்டுகின்றன.

சில்லு செலவிடும் மின்திறன், அது இயங்கும் அலைவெண்ணோடும், அதற்கு ஊட்டப்படும் மின்னழுத்தத்தின் இருமடியோடும் சேர்ந்து உயர்கிறது. அலைவெண் என்பது சில்லு வினாடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்னும் எண்ணிக்கை. ஒரு கட்டத்துக்கு மேல் அதை உயர்த்த வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூடவே உயர்த்தியாக வேண்டும் என்பதால், கடைசிச் சில விழுக்காடு வேகத்துக்குக் கொடுக்க வேண்டிய மின்திறன் மிக அதிகமாகிவிடுகிறது. டிரான்சிஸ்டர்கள் சிறுத்துக்கொண்டே போனால் மின்னழுத்தமும் அதற்கேற்பக் குறையும், ஆகவே பரப்பளவுக்கான மின்திறன் மாறாது என்று ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டும் உடன் ஆய்வாளர்களும் 1974-இல் காட்டிய விதி மூன்று பத்தாண்டுகள் இத்துறையைத் தாங்கிப் பிடித்தது. 2000-களின் நடுப்பகுதியில், மின்னழுத்தத்தை அதற்குமேல் குறைக்க முடியாத நிலை வந்தபோது, அந்த விதி ஓய்ந்துபோனது. அதன்பின் வேகத்தின் ஒவ்வொரு படியும் வெப்பத்தில் கணக்குத் தீர்க்க வேண்டியதாயிற்று. ஆயினும் அதே கணக்கைத் தலைகீழாகப் படித்தால் ஒரு சலுகை தெரிகிறது: வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் மின்திறனில் நிறைய மிச்சமாகும். கேமிங் மடிக்கணினி என்னும் பொருள் இன்று உயிரோடு இருப்பதற்கு அந்தச் சலுகையே காரணம்.

2016-இல் என்விடியா நிறுவனம் தன் பத்தாம் வரிசை வரைகலைச் செயலிகளை மடிக்கணினிகளுக்குக் கொண்டுவந்தபோது, மடிக்கணினிப் பதிப்பைக் குறிக்கப் பெயரின் வாலில் அதுவரை ஒட்டியிருந்த 'எம்' எழுத்தை நீக்கியது. மேசைக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் இடையே இனி பெரிய வேறுபாடு இல்லை என்பது அதன் பொருள். அந்த வரிசையைப் பொறுத்தவரை அது பெருமளவு உண்மையாகவும் இருந்தது. ஆனால் அந்த உண்மைக்கான எடை எவ்வளவு என்பதை ஏசர் நிறுவனம் 2017-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரிடேட்டர் 21 எக்ஸ் காட்டியது. 21 அங்குல வளைதிரை, இரண்டு ஜிடிஎக்ஸ் 1080 செயலிகள், ஒவ்வொன்றும் 330 வாட் தரும் இரண்டு சார்ஜர்கள், எட்டுக் கிலோவைத் தாண்டிய எடை, அமெரிக்காவில் 8,999 டாலர் விலை. எதையும் ஒளித்துவைக்காத கருவி அது. வேகத்தைக் கேட்டவருக்கு வேகத்தைக் கொடுத்து, அதற்கான எடையையும் விலையையும் நேரடியாக அவர் தோளிலும் பையிலும் ஏற்றிய அந்த நேர்மை, யாரும் வாங்கத் தயங்கும் அளவுக்கு அபத்தமாகவும் இருந்தது.

அதே ஆண்டு வந்த மற்றொரு கருவி எதிர்த் திசையில் சென்றது. மேக்ஸ்-கியூ என்ற பெயரில் என்விடியா அறிமுகப்படுத்திய திட்டத்தின்படி, ஜிடிஎக்ஸ் 1080-இன் அதே 2,560 கணிப்புக் கருக்களை வைத்துக்கொண்டு, மேசைக் கணினியில் 180 வாட் வரை எடுத்த அந்தச் செயலியை ஏறத்தாழ 90 முதல் 110 வாட்டுக்குள் ஓடவைத்தார்கள். முழு வேகத்தின் உச்சியை விட்டிறங்கி, வாட் ஒன்றுக்குக் கிடைக்கும் வேகம் நிறைவாக இருக்கும் புள்ளியில் நிற்பதே அதன் சூத்திரம். அத்திட்டத்தின் முதல் கருவிகளில் ஒன்றான ஆசஸ் செஃபிரஸ் 18 மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் வந்தது. மூடியைத் திறந்தால் அடித்தட்டும் சில மில்லிமீட்டர் திறந்து காற்றுக்கு வழிவிடும். விசைப்பலகை முன் விளிம்புக்குத் தள்ளப்பட்டு, சூடேறும் பின்பாதி வெறுமையாக விடப்பட்டிருக்கும். மணிக்கட்டை ஊன்ற இடமில்லாத அந்த அமைப்பு, வெப்பம் ஒரு பொருளின் முகத்தையே எப்படி மாற்றிவிடும் என்பதற்கு நல்ல சான்று.

மேக்ஸ்-கியூ என்ற ஒட்டாவது பெயரில் தெரிந்தது. 2021-இல் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை வந்தபோது அதையும் எடுத்துவிட்டார்கள். அப்போதிலிருந்து ஆர்டிஎக்ஸ் 3080 என்று முத்திரை குத்திய இரண்டு மடிக்கணினிகளில் ஒன்று 80 வாட்டிலும் மற்றது 150 வாட்டுக்கு மேலும் இயங்கலாம். வாங்குபவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. செயலிக்குத் தயாரிப்பாளர் ஒதுக்கும் இந்த உச்ச மின்திறனை டிஜிபி என்பார்கள். குறைந்த ஒதுக்கீடு பெற்ற 3080, தாராள ஒதுக்கீடு பெற்ற 3070-க்குப் பின்தங்கி நிற்பதும், கூடுதல் பணம் கொடுத்தவர் குறைந்த வேகத்தை வீட்டுக்குக் கொண்டுபோவதும் அந்த ஆண்டில் நடந்தன. கண்டனம் வலுத்தபின், வாட் எண்ணிக்கையை வெளிப்படையாகக் குறிப்பிடுமாறு என்விடியா தயாரிப்பாளர்களை வலியுறுத்தியது. இன்றும் அந்த எண்ணைக் கண்டுபிடிக்க விவரப் பட்டியலின் கடைசி மூலை வரை போகவேண்டியிருக்கிறது.

பெயருக்குள் ஒளிந்திருப்பது வாட் மட்டுமன்று. மேசைக் கணினியின் ஆர்டிஎக்ஸ் 4090 செயலியில் 16,384 கருக்களும் 24 ஜிபி வரைகலை நினைவகமும் உண்டு. அது 450 வாட் எடுக்கும். மடிக்கணினியின் 4090 வேறொரு, சிறிய சில்லு. 9,728 கருக்கள், 16 ஜிபி நினைவகம், அதிகபட்சம் 175 வாட். வேறு எந்த வணிகத்திலாவது பாதிக்குச் சற்று மேலான சரக்குக்கு முழுச் சரக்கின் பெயரை இடுவதை அளவுத்துறை அதிகாரிகள் பொறுத்துக்கொள்வார்களா என்பது ஐயமே. வேடிக்கை என்னவென்றால், விலைப்படியின் கீழே இறங்க இறங்க இந்த மோசடித்தன்மை குறைகிறது: ஆர்டிஎக்ஸ் 4060 செயலிக்கு மேசையிலும் மடியிலும் 3,072 கருக்களே, மடிக்கணினியில் அதற்கு அனுமதிக்கப்பட்ட 35 முதல் 115 வாட் வரையிலான வரம்பின் மேல்முனையில் ஓடினால் இரண்டும் பெரிதும் நெருங்கிவிடுகின்றன. உச்சவிலைச் செயலியைக் காட்டிலும் நடுவிலைச் செயலியே மடிக்கணினி என்னும் உடம்புக்கு இயல்பாகப் பொருந்துகிறது என்பதைத் தயாரிப்பாளர்கள் விளம்பரத்தில் சொல்வதில்லை, சொன்னால் அவர்களுக்கு நட்டம்.

இனி வெப்பம் வெளியேறும் வழி. சில்லின் மேல் பதிந்திருக்கும் தட்டையான செப்புக் குழாய்க்குள் காற்றை நீக்கி ஓரிரு துளி நீரை அடைத்திருப்பார்கள்; சூடான முனையில் அந்நீர் ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே செதில்களிடம் வெப்பத்தை ஒப்படைத்துவிட்டு மீண்டும் நீராகி, குழாயின் உட்சுவரில் படிந்த செப்புத்தூள் படலத்தின் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போலத் திரும்பி வருகிறது. ஹீட் பைப் எனப்படும் இவ்வுத்தியை 1963-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் உருவாக்கியபோது அவர் மனத்தில் இருந்தது விண்வெளிக்கான அணு மின்கலங்கள். குழாய்க்குப் பதில் அகன்ற தட்டாகச் செய்தால் அது வேப்பர் சேம்பர்; விலை கூடும், தடிமன் குறையும். மெல்லிய கருவிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தின் ஒரு பகுதி இங்கேதான் போகிறது: வேகத்தைக் கூட்டுவதற்காகச் செலவாகாமல், அதே வேகத்தைக் குறுகிய இடத்தில் காப்பாற்றுவதற்காகச் செலவாகிறது.

ஆனால் எந்தக் குழாயும் வெப்பத்தை அழிப்பதில்லை, அறைக் காற்றிடம்தான் ஒப்படைக்கிறது. எவ்வளவு ஒப்படைக்க முடியும் என்பதைச் செதிலுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு தீர்மானிக்கிறது. 25 டிகிரி அறையில் 100 டிகிரி வரை போக அனுமதிக்கப்பட்ட செயலிக்கு 75 டிகிரி வேறுபாடு கிடைக்கிறது. கத்திரி வெயிலில், ஏசி இல்லாத வேலூர் வீட்டு மாடியறையின் 40 டிகிரிக் காற்றில் அது 60 டிகிரியாகச் சுருங்குகிறது. அதாவது அதே மின்விசிறி, அதே குழாய், அதே விலை, வெளியேற்றும் திறனில் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. செதில்களுக்கிடையே ஓராண்டுத் தூசி படிந்திருந்தால் இன்னும் குறையும். அந்நிலையில் செயலி தன்னைக் காத்துக்கொள்ள அலைவெண்ணைத் தானே குறைத்துக்கொள்கிறது. திராட்லிங் என்று பயனர்கள் சொல்வது இதைத்தான். குளிரூட்டிய ஆய்வறைகளில் எடுத்த அளவீடுகளைப் பார்த்து வாங்கிய கருவி மே மாதத்தில் ஏன் திணறுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. வெப்பமண்டலத்தில் வாழ்பவர் மெல்லிய கருவிக்குக் கொடுக்கும் பணத்தில், குளிர்நாட்டவர் பெறும் பயன் முழுவதும் கிடைப்பதில்லை.

திராட்லிங்கைத் தவிர்க்க எளிய வழி விசிறியை விரைவாகச் சுழற்றுவது. சுழற்சி இரட்டிப்பானால் காற்றோட்டம் இரட்டிப்பாகிறது. இரைச்சலோ ஏறத்தாழ 15 டெசிபெல் ஏறுகிறது. தடித்த கருவியில் பெரிய விசிறி நிதானமாகச் செய்யும் வேலையை மெல்லிய கருவியின் சிறு விசிறி கத்திக் கத்திச் செய்கிறது. விளையாடுபவர் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்கிறார். இரைச்சலை அனுபவிப்பவர்கள் அறையில் உள்ள மற்றவர்கள். விவரப் பட்டியலில் டெசிபெல் எண்ணைத் தேடிப் பார்த்தால் அது பெரும்பாலும் இருக்காது.

எடையின் கதையும் இதே போன்றதுதான். கடைகளில் சொல்லப்படும் 2.3 கிலோவில் சார்ஜர் சேர்வதில்லை. 330 வாட் தரும் சார்ஜர் தன் கேபிள்களோடு ஒரு கிலோவை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். அதை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமே என்றால், அங்கே குறுக்கே நிற்பது பேட்டரி. விமானத்தில் தனி அனுமதியின்றிக் கொண்டுசெல்லக்கூடிய லித்தியம் அயனி பேட்டரியின் வரம்பு 100 வாட்-மணி. வாட்-மணி என்பது எத்தனை வாட்டை எத்தனை மணிநேரம் தரமுடியும் என்பதன் பெருக்கல் தொகை. உயர்விலைக் கருவிகள் பலவற்றில் பேட்டரி 99 அல்லது 99.9 என்று நிற்பதற்கு வேதியியல் காரணம் எதுவும் கிடையாது, விமான விதி ஒன்றே காரணம். மையச் செயலியும் வரைகலைச் செயலியும் சேர்ந்து 200 வாட் கேட்டால் அந்த முழு பேட்டரியும் அரைமணி நேரத்தில் தீரும். அது நடப்பதுமில்லை, ஏனெனில் அத்தனை மின்னோட்டத்தைப் பேட்டரியிடமிருந்து உறிஞ்சாதபடி, பிளக்கைப் பிடுங்கியவுடனேயே கருவி தன் மின்திறனைப் பாதிக்கும் கீழே இறக்கிக்கொள்கிறது. ஆக, சார்ஜரில்லாத கேமிங் மடிக்கணினி அதன் விலையில் வாங்கப்பட்ட கருவியே அன்று. விற்கப்பட்ட வேகம் சுவரில் உள்ள பிளக் பாயிண்ட்டுக்குச் சொந்தமானது.

விலை குறைந்த கருவிகளில் நகர்த்தப்படுபவை வேறு. இந்தியாவில் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்த்து, எழுபதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் ரூபாய்க்குள் ஒரு நல்ல வரைகலைச் செயலியைக் கொடுத்தாக வேண்டும் என்னும் நெருக்கடியில், தயாரிப்பாளர் முதலில் கைவைப்பது திரையில்: 45 விழுக்காடு என்டிஎஸ்சி என்று பொடியெழுத்தில் குறிக்கப்பட்ட திரை, இணையத்திலும் விளையாட்டுகளிலும் வழக்கமான நிற எல்லையில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடக் காட்டாது, புல்வெளி சாம்பல் பூத்திருக்கும். அடுத்து, இரண்டு ரேம் துளைகளில் ஒன்றைக் காலியாக விட்டு ஒரே துண்டைச் செருகி அனுப்புவார்கள். கொள்ளளவு போதுமானதாகத் தோன்றினாலும், செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையிலான தடம் இரண்டுக்குப் பதில் ஒன்றாகிவிடுவதால் தரவோட்டம் பாதியாகிறது. நல்லவேளையாக இந்தக் குறை திருத்தக்கூடியது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதே அளவிலான இன்னொரு துண்டை வாங்கிச் செருகினால் பல விளையாட்டுகளில் வேகம் கண்கூடாக உயரும். திருத்த முடியாதது வரைகலை நினைவகம். மடிக்கணினியின் ஆர்டிஎக்ஸ் 4060, 4070 இரண்டுக்கும் 8 ஜிபிதான்; மேசைக் கணினியின் 4070-க்கு 12 ஜிபி. புதிய விளையாட்டுகள் பெரிய படத்தொகுப்புகளோடு வரும்போது, கணக்கிடும் வலு மிச்சமிருந்தும் வைக்க இடமில்லாமல் செயலி தடுமாறுகிறது. இங்கே ஒளிக்கப்பட்டது கருவியின் ஆயுள்.

இந்த வரலாற்றில் ஓரளவு நேர்மையான சமரசம் என்று 2020-இல் வந்த ஆசஸ் செஃபிரஸ் ஜி14-ஐச் சொல்லலாம். 14 அங்குலம், 1.6 கிலோ, அமெரிக்காவில் ஏறத்தாழ 1,450 டாலர். அதைச் சாத்தியமாக்கியது வடிவமைப்பு மேதைமையைக் காட்டிலும், டிஎஸ்எம்சி ஆலையின் 7 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்ட ஏஎம்டி மையச் செயலி. எட்டுக் கருக்களோடு 35 வாட்டில் அது செய்த வேலையை அதற்கு முந்தைய செயலிகள் இன்னும் அதிகமாகச் சூடேறிச் செய்துகொண்டிருந்தன. கூடவே 65 வாட்டில் அடங்கும் ஆர்டிஎக்ஸ் 2060. உச்சத்தைத் தொடும் ஆசை அதில் இல்லை. வெப்கேம் கிடையாது, அந்த இல்லாமை வாங்கும்போதே தெரிந்தது, ஊரடங்கில் உலகமே காணொலி அழைப்புக்கு மாறிய ஆண்டில் சற்று வேடிக்கையாகவும் தெரிந்தது. ஆயினும் எது விட்டுக்கொடுக்கப்பட்டது என்று சுட்டிக்காட்ட முடிந்த கருவி அது.

இத்தனை விட்டுக்கொடுத்து எடையைக் குறைப்பது யாருக்காக என்ற கேள்வியும் எழாமல் இல்லை. விளம்பரங்களில் வரும் பயணி, விமான நிலைய ஓய்வறையில் போர்முனையைத் திறந்து உட்காருபவர். இந்நாட்டில் இவ்வகைக் கருவியை வாங்குவோரில் பலர் பொறியியல் மாணவர்களும் வேலையின் முதல் ஆண்டுகளில் இருப்போரும். அவர்களுடைய பயணம் விடுதியறைக்கும் விடுமுறை வீட்டுக்கும் இடையே, ஆண்டில் சில முறை. அவர்கள் மேசைக் கணினியைத் தவிர்ப்பது ஊர்சுற்றுவதற்காக அன்று. நிலையான மேசை ஒன்று அவர்களுக்கு இல்லை என்பதற்காக. இரண்டு மூன்று பேர் பகிரும் அறையில், கட்டிலே மேசையாகவும் இருக்கும் இடத்தில், மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டக்கூடியது என்பதே பெயர்த்துச்செல்லும் தன்மையின் பொருள். அவர்களுக்கு 1.6 கிலோவுக்கும் 2.5 கிலோவுக்கும் உள்ள வேறுபாடு பெரிதன்று. தடித்த பிளாஸ்டிக் உடலும் பெரிய விசிறிகளும் கொண்ட கருவி கூடுதல் வாட்டையும் குறைந்த இரைச்சலையும் மலிவாகத் தரும். மெலிவுக்காகக் கூடுதலாகச் செலவிடப்படும் முப்பது நாற்பது ஆயிரம் ரூபாய், அவர்கள் மேற்கொள்ளாத ஒரு பயணத்துக்கான கட்டணம். மேலும் கட்டில் மெத்தையின் மேல் வைத்தால் அடிப்புறக் காற்றுத்துளைகள் அடைபட்டு மேலே கணக்கிட்ட எல்லாமே பொய்த்துப்போகும் என்பதை விற்பவர் யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

விலையின் மறைந்த பகுதி பழுதுபார்ப்பில் வெளிப்படுகிறது. மெல்லிய கருவிகளில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்படுகிறது. சிலவற்றில் செயலிக்கும் குழாய்க்கும் இடையே பசைக்குப் பதில் காலியம் கலந்த திரவ உலோகம் பூசப்படுகிறது. அது வெப்பத்தை நன்றாகக் கடத்தும். மின்சாரத்தையும் கடத்தும், அலுமினியத்தையும் அரிக்கும் என்பதால், பழக்கமில்லாத கைகள் திறந்தால் ஒரு துளி சிந்தியே பலகையைக் கொன்றுவிடலாம். வரைகலைச் செயலியைத் தனியே மாற்றும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2000-களில் தொடங்கிய எம்எக்ஸ்எம் என்னும் பொதுத்தரம் தடித்த கருவிகளோடு சேர்ந்து மங்கியது. 2019-இல் டெல் நிறுவனம் ஏலியன்வேர் ஏரியா-51எம் கருவியில் மாற்றக்கூடிய வரைகலைக் கார்டைத் தன் சொந்த வடிவத்தில் கொண்டுவந்தது. அடுத்து வந்த செயலிகள் அதில் பொருந்தாமல் போனதால் 2021-இல் அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டது. 2024-இன் தொடக்கத்தில் வாங்குவோர் கைக்கு வந்த ஃப்ரேம்வொர்க் லேப்டாப் 16, பின்புறத்தில் உள்ள வரைகலைப் பகுதியையே கழற்றி மாற்றும் அமைப்போடு வந்தது; கனம் ஏறத்தாழ 2.4 கிலோ, வேகம் அதே விலையில் கிடைக்கும் மற்றவற்றைவிடக் குறைவு. இரண்டையும் தெரிந்தே ஏற்றவர்கள் அதை வாங்கினார்கள். 2025 ஆகஸ்டில் அதற்கு ஆர்டிஎக்ஸ் 5070 பகுதி அறிவிக்கப்பட்டது. முதலில் வாங்கியவர்களும் பழைய உடலில் அதைப் பொருத்திக்கொள்ளலாம். அதன் வரைகலை நினைவகம் 8 ஜிபி.